உரலும் விதையும்

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. குறிஞ்சி நிலப் பெண்கள் கிளி ஓட்டிக் காத்த தினைப்புனங்களைச் சங்கப் பாடல்களில் படித்திருக்கிறோம். அவற்றின் தொடர்ச்சியை இம்மலைச் சரிவுகளில் அண்மைக்காலம்வரை காண முடிந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு ஆகியவற்றை மழையை மட்டுமே நம்பி விளைவித்தனர். சாமையில் மட்டும் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை எனப் பல வகைகள் இருந்தன. விளைந்த தானியம் தொம்பை என்னும் குதிரில் சேமிக்கப்பட்டது; அடுத்த பருவத்திற்கான விதையும் வீட்டிலேயே இருந்தது.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. சாலை வந்தது. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு தேவைப்பட்டது. நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. சாமைக்காடுகள் மரவள்ளிக் காடுகளாயின.

மக்கள் மரபை மறந்ததால் சிறுதானியம் மறைந்தது என்று பலரும் கூறுவர். அது முழு உண்மையன்று. சாமை மணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறொரு காரணம் விளங்கும். மிகச் சிறிய அம்மணியைக் கடினமான உமி இறுகப் பற்றியிருக்கிறது. அதனை உரலில் இட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்தால்தான் சோறாக்க இயலும். பகலெல்லாம் காட்டில் உழைத்த பெண்ணே வீடு திரும்பி இவ்வேலையையும் செய்தாள். வரகின் உமி இன்னும் கடினமானது. கேழ்வரகுக்கு இத்தொல்லை இல்லை; கதிரடிக்கும்போதே அதன் மேலுறை நீங்கிவிடும், பிறகு மாவாக அரைத்தால் போதும். அரிசி கைக்கு எட்டியபோது உலக்கையைச் சுவரில் சாய்த்துவைத்த பெண்ணைக் குறைகூற யாருக்கு உரிமை உண்டு?

எனினும், அம்மாற்றத்திற்கு ஒரு விலை இருந்தது. மரவள்ளிக்கிழங்கில் மிகுதியாக இருப்பது மாவுச்சத்து. புரதம் மிகக் குறைவு. ஆலைக்கு விற்பதற்கென்றே அதனைப் பயிரிடும் குடும்பம், கிழங்கின் விலை வீழும் ஆண்டில் வருவாயை இழக்கிறது. தொம்பையிலும் தானியம் இருப்பதில்லை. மேலும், கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு நிலத்தின் மண் கிளறப்பட்டு, மழையில் எளிதில் அரித்துச் செல்லப்படுகிறது.

வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் 1988ஆம் ஆண்டு சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் இம்மலையில் பணியைத் தொடங்கியது. மறைந்துவரும் விதைகளைத் திரட்டுவது அதில் ஒரு பகுதி. குளிரூட்டப்பட்ட அறையில் விதையைப் பல ஆண்டுகள் காக்கலாம். ஆனால், அங்கு அது உறங்குகிறது. மாறிவரும் மழைக்கும் பூச்சிக்கும் ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்வதில்லை. அதற்கு அது வயலில் ஆண்டுதோறும் முளைக்க வேண்டும். வயலில் முளைப்பதற்கோ, சமையலறையில் அதற்கு இடம் இருக்க வேண்டும். ஆகவே விதைகளைப் பற்றிய ஆய்வு உரலின் அருகில் வந்து நின்றது.

நெல் அரைக்கும் ஆலை இதற்குப் பயன்படாது. சிறுமணிகள் நொறுங்கும், அல்லது உமியோடே வெளிவரும். எனவே, சிறுதானிய உமி நீக்கும் சிறிய இயந்திரங்கள் ஊர்களில் நிறுவப்பட்டன. சுயஉதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. பல மணி நேர உழைப்பு சில நிமிடங்களில் முடிந்தது. உமி நீக்கிய அரிசியையும் மாவையும் பொதிகளாக்கி மலைக்குக் கீழே விற்கவும் அக்குழுக்கள் கற்றன. ஊர் விதை வங்கிகளும் தோன்றின. விதையை வீசி விதைப்பதற்கு மாற்றாக, வரிசையில் விதைத்து விதையளவைக் குறைக்கும் முறையும் பரப்பப்பட்டது. அறிவியலின் வெற்றி என்றதும் புதிய வீரிய விதையையே நாம் எண்ணுகிறோம். இங்கோ, பெண்ணின் தோள்வலியைக் குறைத்த ஓர் எளிய இயந்திரம் பழைய விதைக்குத் துணையாயிற்று.

இதனால் மரவள்ளி மலையைவிட்டு நீங்கிவிடவில்லை. கையில் உடனே பணம் தரும் பயிரை உழவர் எளிதில் கைவிடமாட்டார். நியாயவிலை அரிசியோடு சாமை விலையில் போட்டியிடவும் முடியாது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் நியாயவிலைக் கடைகளில் வழங்க இடமளித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2023இல், தமிழ்நாட்டின் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் முன்னோட்டமாக, அட்டைதாரர்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ சிறுதானியம் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. வழங்கப்பட்ட தானியம், உமி குத்தும் வேலையே இல்லாத கேழ்வரகு.