பெயரைத் திருடுவோர்

பிழைப்பின் பொருட்டுச் சூரத்திலோ புனேயிலோ டில்லியிலோ குடியேறியிருக்கும் நாம் வீட்டைப் பூட்டுவதில் குறை வைப்பதில்லை. இக்காலத்துக் கள்வனோ வீட்டுப் பக்கமே வருவதில்லை. நம் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், கைபேசி எண் ஆகியவை கிடைத்தால் அவனுக்குப் போதும். நாமாகவே நடித்து நம் பணத்தை எடுப்பான். நம் பெயரில் கடனும் வாங்குவான். தவணை கேட்டு ஆள் வரும்போதுதான் நமக்குச் செய்தியே தெரியும்.

இடம் பெயர்ந்தோருக்கு இதில் தனியான ஆபத்து ஒன்று உண்டு. ஊரில் வைத்திருந்த கைபேசி எண்ணை விட்டுவிட்டு, வந்த இடத்தில் புதிய எண் வாங்குகிறோம். பாங்கிலோ பழைய எண்ணே பதிவாகியிருக்கிறது. கைவிட்ட எண் என்றைக்கும் சும்மா கிடப்பதில்லை. இணைப்புத் துண்டிக்கப்பட்டு 90 நாட்கள் கழிந்தபின் அது வேறொருவருக்கு ஒதுக்கப்படலாம். பிறகு நம் கணக்கைக் காக்கவேண்டிய ஓ.டி.பி. எண் அந்த அயலாரிடம் போய்ச் சேரும். அவர் நல்லவராயிருந்தால் நம் அதிர்ஷ்டம். ஆகவே புதிய எண்ணைப் பாங்கிலும் ஆதாரிலும் பதிவு செய்து, செய்திகள் அதற்கு வருகின்றனவா என்று பார்த்த பின்னரே பழையதை விடவேண்டும். முகவரியும் அவ்வாறே, புதுப்பித்த கடன் அட்டை, நாம் காலி செய்த வாடகை வீட்டுக்குப் போதலாகாது.

வாடகை வீட்டுக்கும் விடுதிக்கும் ஆதார் நகலைக் கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிடுகிறோம். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆணையமே வழங்குகிறது; பல இடங்களில் அதுவே போதும். எந்த நகலானாலும் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று அதன் குறுக்கே எழுதிக் கையொப்பமிடலாம். நம் பெயரில் உள்ள கைபேசி இணைப்புகளைத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் காணலாம். சிபில் முதலிய 4 கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கிப் பார்த்தால், நாம் வாங்காத கடன் சீக்கிரம் கண்ணில் படும்.

அயல் மொழிகளின் நடுவே வாழும் நமக்குத் தமிழ்க் குரல் கேட்டால் மனம் இளகிவிடும். அதை மோசக்காரரும் அறிவர். "பாங்கிலிருந்து பேசுகிறேன், நானும் மதுரைப் பக்கந்தான்" என்று பேச்சுத் தொடங்கும். அட்டை முடங்கப் போகிறது என்ற பயமுறுத்தல் தொடரும். ஓ.டி.பி.யையோ, இரகசிய எண்ணையோ, அட்டையின் பின்புறமுள்ள 3 இலக்கங்களையோ உண்மையான பாங்கு ஊழியர் கேட்கமாட்டார். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அதை இடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து போகிறதென்றே பொருள். காணொலியில் போலீஸ் உடையில் தோன்றி 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுவோரும் உளர். நம் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது.

பணம் போய்விட்டதென்று தெரிந்தால் உறவினரைக் கலந்துகொண்டிருக்க நேரமில்லை. திருடிய பணம் கணக்குவிட்டுக் கணக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஏதேனும் ஒரு பாங்கில் தங்கியிருக்கும்போதுதான் அதை நிறுத்திவைக்க முடியும். உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். பாங்குக்கும் தெரிவித்து அட்டையை முடக்கி, புகார் எண்ணைக் கேட்டுப் பெறவேண்டும். பிழை நம்முடையதும் பாங்கினுடையதும் அன்றி வேறெங்கோ நேர்ந்ததாயின், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமில்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்கு விதி வகுத்தது. இரகசியத்தை நாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். அதன்பின் போவது பாங்கின் பொறுப்பு என்றும் அவ்விதி கூறிற்று.

கணக்கு தமிழ்நாட்டில் இருக்கிறதே, புகார் கொடுக்க ஊருக்குப் போகவேண்டுமோ என்று சிலர் தயங்குகின்றனர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள குற்ற விசாரணைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். ஹிந்தி சரளமாக வராதவர்கள் தொகை, நேரம், பாங்கின் பெயர், பரிவர்த்தனை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நலம்.