தேடப் போனவரைத் தேடுவது யார்?

மேட்டுப்பாளையம் என்றவுடன் நம்மில் பலருக்கு உதகைக்கு ஏறும் மலை ரயிலும், பவானி ஆறும், பாக்குத் தோப்புகளும் நினைவுக்கு வரும். வியாபார நிமித்தம் சென்றவர்களுக்கோ உருளைக்கிழங்கு மண்டிகள்தான் முதலில் தோன்றும். கூரை வரையில் மூட்டைகள் அடுக்கிய கிடங்கொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். வாயில் ஒன்றே, ஜன்னல் சிறிது. நள்ளிரவில் அங்கே தீப்பற்றுகிறது. தீயணைப்பு வண்டி மணியடித்து வந்து நிற்க, நால்வர் உள்ளே புகுகின்றனர். மூவர் மட்டும் வெளியே வருகின்றனர். நான்காமவர் எங்கே?

புகையின் கொடுமையை ஈர விறகோடு போராடிய நம் பாட்டிமார்கள் ஓரளவு அறிவார்கள். பெருந்தீயின் புகையிலோ நீட்டிய கையே கண்ணுக்குத் தெரியாது. வீரர் தரையோடு தவழ்ந்து, சுவரைத் தடவி, தாம் இழுத்துச் சென்ற தண்ணீர்க் குழாயையே திரும்பும் வழியாக நம்பிச் செல்கிறார். முதுகிலுள்ள காற்றுக் குப்பி அரை மணி நேரத்துக்கென்று கணக்கிட்டதாயினும், கடுமையாக உழைப்பவருக்கு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். கை குழாயை விட்டு நழுவினால், பத்தடி தூரத்திலுள்ள வாயிலும் பத்து மைல் தூரமாகிவிடும்.

அமெரிக்காவிலே உஸ்டர் என்னும் நகரில் 1999 டிசம்பர் 3-ந் தேதி நிகழ்ந்ததை நினைத்தால் இன்றும் உள்ளம் பதறுகிறது. பாழடைந்த பழைய குளிர்பதனக் கிடங்கொன்றில் தீ மூண்டது. வீடற்ற ஏழைகள் உள்ளே இருக்கக்கூடுமென்று கேள்வியுற்று வீரர்கள் புகுந்தனர். இருவர் வழி தவறினர். காற்றுத் தீர்கிறதென்று ரேடியோவில் அபயக் குரல் கொடுத்தனர். அவர்களைத் தேடிச் சென்றவர்களில் நால்வர் திரும்பவில்லை. ஆக ஆறு உயிர்கள்! தேடப்பட்ட ஏழைகளோ முன்னரே வெளியேறிவிட்டிருந்தனர். அந்த நகரத்துப் பொறியியல் கலாசாலையே பின்னர், கட்டடத்துக்குள் காணாமற்போன வீரரைக் கண்டறியும் ஆராய்ச்சியில் இறங்கியது.

நம் நாட்டிலும் இத்தகைய துயரங்கள் உண்டு. 2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கத்துக் கலச மஹால் தீப்பற்றியபோது ஒரு வீரர் உயிர் நீத்தார். 2020 நவம்பர் 14, தீபாவளியன்று, மதுரை விளக்குத்தூண் அருகே ஜவுளிக் கடைக் கட்டடம் இடிந்து வீரர் இருவர் மாண்டனர். இடிபாட்டில் தேடுவதன் வேதனையை மேட்டுப்பாளையத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழைக்கிடையே, நடூரில் நெடுஞ்சுவர் ஒன்று வீடுகள் மேல் சரிந்து 17 பேரைப் பலி கொண்டது. அத்தகைய வேளையில் எங்கே தோண்டுவது என்பதே முதற் கேள்வி.

இதற்கு விஞ்ஞானம் அளித்துள்ள முதல் சாதனம் ஓர் எச்சரிக்கைக் கருவி. வீரர் சுமார் அரை நிமிஷம் அசைவற்றிருந்தால் அது தானே வீறிட்டு அலறும். இரண்டாவது, ரேடியோ இடங்காட்டி. வீரர் அணிந்த சிறு பெட்டி ஓயாமல் அலைகளை வீசிக்கொண்டிருக்கும். தேடுபவர் கையிலுள்ள கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அலை எத்திசையில் வலுக்கிறதோ அத்திசையில் நகர்வார். கண்ணைக் கட்டிக்கொண்டு குரல் வந்த பக்கம் செல்லும் குழந்தை விளையாட்டைப் போன்றதே இதுவும்.

ஆயினும் இதில் இடர்ப்பாடுகள் இல்லாமலில்லை. கான்கிரீட்டும் இரும்பும் அலையைத் தடுக்கும்; தகரக் கூரை அதனைத் திருப்பியடிக்கும். அலை வலுக்கும் இடத்தில் கதவுக்குப் பதில் சுவர் நிற்கக்கூடும். வீரர் மேல் மாடியிலும் இருக்கலாம். நம் கைப்பேசிக்கு வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் அலையோ இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வருவதால், கட்டடத்துக்குள் நலிந்து போகிறது. ஆகவே அமெரிக்க நாசா ஸ்தாபனத்தார், சுவர்களை எளிதில் ஊடுருவும் தாழ்ந்த அதிர்வுடைய காந்தப் புலத்தைக் கொண்டு இடமறியும் முறையொன்றை வகுத்துள்ளனர்.

கருவி வரும் வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உள்ளே போகிறவர் பெயரையும், போன நேரத்தையும், குப்பியில் உள்ள காற்றின் அளவையும் வாயிலில் ஒரு பலகையில் குறித்து வைப்பதற்குப் பெருஞ் செலவில்லை. வழிகாட்டிக் கயிறும், மீட்பதற்கென்றே வெளியில் ஆயத்தமாக நிற்கும் இரு வீரரும் இடங்காட்டிக்குச் சமமான துணை. கிடங்குக்காரர்களும் இரண்டாவது வாயில் ஒன்றை அடைக்காமல் வைத்திருந்தால் பெரும் புண்ணியமுண்டு.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ந் தேதியன்று நாடெங்கும் தீயணைப்புத் தினம் கொண்டாடுகிறோம். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றியிருந்த கப்பல் வெடித்து மாண்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள் அது. மலர் தூவுவதோடு நம் கடமை தீர்ந்ததா? மோட்டாரும் பம்பும் செய்து தேசமெங்கும் அனுப்பும் கோயமுத்தூர்ச் சீமையின் கைத்திறனுக்கு, அசைவற்றால் அலறும் கருவியும் அலை வீசும் பெட்டியும் எட்டாத காரியமல்ல. நம் வீட்டில் தீ என்றால் முன்பின் அறியாத ஒருவர் நமக்காக உள்ளே புகுகிறார். அவர் திரும்பாவிடில், அவரைத் தேடுவதற்கு வழி செய்து வைத்திருக்கிறோமா? அடுத்த ஏப்ரல் 14-க்குள் நாம் ஒவ்வொருவரும் நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் ஒருமுறை விசாரித்து வருவோமாக.