நான்கு விரல் ஆழம்

மறைமலை நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் இளைஞர் ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். வண்டியில் அறைந்திருக்கும் தகட்டில் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கிறதோ, அதற்கு மேல் ஒரு பெட்டியையும், யார் வந்து அவசரப்படுத்தினாலும், தூக்க மாட்டார். ஆயுத பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு அந்தமானுக்குப் போகவிருக்கும் அவர், "அங்கே எதுக்கு சார் பயப்படணும்? முதலைக்கா?" என்று கேட்டபோது, என் மனம் 2014-ஆம் ஆண்டின் குடியரசு தினத்துக்குப் போயிற்று.

அன்று பிற்பகல், போர்ட் பிளேருக்கு அருகில், 'அக்வா மரைன்' என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். பிரயாணிகளில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சென்றவர்கள். அந்நாளில் மறைமலை நகரும் அதே மாவட்டத்தைச் சேர்ந்ததுதான். 25 பேருக்கென அனுமதி பெற்றிருந்த அப்படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் ஏற்றப்பட்டிருந்தனர்.

இத்தனை பேரை ஏற்றும்போது ஒருவர் கண்ணிலும் அபாயம் படாமற் போவது எவ்வாறு? பத்து மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உடைய, பெட்டி போன்ற ஒரு படகை மனத்தில் வைத்துக்கொண்டு, அதில் எழுபது கிலோ எடையுள்ள இருபது பேரைக் கூடுதலாக ஏற்றினால், ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது எவ்வளவு அமிழும் என்று கணக்கிட்டால், விடை ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர்தான். அதாவது நான்கு விரல் அகலம். கரையில் நிற்பவர் அதைக் கவனிக்கவே மாட்டார்.

ஆனால் படகின் ஸ்திரத்தன்மை அமிழும் ஆழத்தை மட்டும் பொறுத்ததன்று. படகு ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கம் அதிகமாக நீரில் புதைவதால், நீர் மேல்நோக்கித் தள்ளும் விசையின் மையமும் அந்தப் பக்கமே நகர்ந்து படகை நிமிர்த்துகிறது. அந்த விசை படகின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளிக்கு, பியர் பூகே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, 1746-இல் வெளியிட்ட தம் நூலில், மெட்டாசென்டர் என்று பெயரிட்டார். பாரத்தின் மையம் அப்புள்ளிக்குக் கீழே இருக்கும் வரையில் படகு தானே நிமிரும். மேல்தட்டில் காற்று வாங்க ஆட்கள் ஏற ஏற அம்மையம் உயர்ந்து அப்புள்ளியைத் தாண்டிவிடுமாயின், நிமிர்த்திய அதே விசை கவிழ்க்கும் விசையாகிவிடும். பெட்டியை உயரத் தூக்கத் தூக்க வண்டி சுமக்கக்கூடிய எடை குறையும் என்று தகட்டிலேயே படித்திருக்கும் என் நண்பருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

படகினுள் புகுந்த நீர் இன்னும் பொல்லாதது. சொம்பு நிறைய நீரைச் சுமந்து தெருவெல்லாம் நடக்கலாம். தாம்பாளத்தில் ஆரத்தி கரைத்து எடுத்துவரும் பெண்மணியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி வைக்க வேண்டியிருக்கிறது. தாம்பாளம் சிறிது சாய்ந்தாலும் நீர் முழுவதும் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை வளர்க்கிறது. நீர்ப்பரப்பின் அகலம் இரு மடங்கானால் இக்கேடு எட்டு மடங்காகும். படகின் அடித்தட்டில் கணுக்கால் அளவு நீர் புரள்வதைப் பார்த்தும் நாம் அலட்சியமாக அமர்ந்திருக்கிறோம் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

முதலையும் பொய்யன்று, 2010-இல் ஹாவ்லக் தீவில் ஒரு சுற்றுலாப் பயணி முதலைக்கு இரையானார். ஆகவே எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் இறங்கலாகாது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். இவற்றைச் சொல்லி முடித்ததும் அவர் சற்று யோசித்துவிட்டு, "படகுல அந்தத் தகடு எங்கே சார் இருக்கும்?" என்று கேட்டார்.

கண்ணில் படாவிட்டால் எத்தனை பேருக்கு அனுமதி என்று படகோட்டியிடமே கேட்கலாம், தலைகளை எண்ணலாம், மிகுந்திருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருக்கலாம் என்றேன். அவர் தம் ஐந்து வயது மகளைப் பக்கத்தில் அழைத்து நிறுத்தி, அவள் மார்புச் சுற்றளவைத் தையற்காரரின் டேப்பால் அளந்து, அந்த அளவில் மிதவைச் சட்டை அங்கே கிடைக்குமா என்று விசாரிக்கப் போனை எடுத்தார்.