தாம்பூலமும் தஸ்தாவேஜும்

சோழர் காலத்துத் திருக்கோயில் சாசனங்களைப் படிக்கிறவர்களுக்கு, நம் முன்னோர் தெய்வ காரியத்தில்கூடக் கணக்கை வாய்மொழிக்கு விட்டவர்களல்லர் என்பது நன்கு புலனாகும். அணையாத விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளைத் தானமாக அளித்தவர் யார், அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் யார், அவர் நாள்தோறும் அளக்கக் கடவ நெய் எவ்வளவு என்பன யாவும் கல்லிலே பொறிக்கப்பட்டன. அதனால் பக்திக்குக் குறைவு நேர்ந்ததாக யாரும் கருதவில்லை. இக்காலத்திலோ, அண்ணாமலையார் சன்னிதியில் விவாகம் நிகழ வேண்டுமென்ற ஆசையோடு சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திருவண்ணாமலைக்கு வந்து மண்டபம் பேசுகிற குடும்பங்களுள் பல, "நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி பார்த்துக்கிறோம் சார்" என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பெருந்தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, தேதியும் தொகையும் மட்டுமே கண்ட துண்டுச் சீட்டோடு ஊர் திரும்புகின்றன.

வாடகை என்று முதலில் சொல்லப்படும் தொகை, முடிவில் செலுத்தப்படும் தொகையாக அமைவது அபூர்வம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் எத்தனை மணிக்குச் சாவி கைக்கு வரும், மறுநாள் எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும், மின்சாரம் மீட்டர்படியாயின் யூனிட் என்ன விலை, ஜெனரேட்டருக்கு டீசல் யார் பொறுப்பு, துப்புரவுக் கூலியும் ஜி.எஸ்.டி.யும் வாடகைக்குள் அடக்கமா என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். சமையல் காண்ட்ராக்டிலோ விவகாரம் முழுவதும் இலைக் கணக்கிலேதான் பிறக்கிறது. 500 இலைக்கு ஒப்புக்கொண்டு 350 பேரே வந்தால் எத்தனைக்குப் பணம், கூடுதலாகப் போடும் இலைக்கு என்ன விலை, பந்தியில் இலையை எண்ணுகிறவர் இரு தரப்பாரும் ஏற்ற ஒருவர்தாமா, பரிமாறுவோர் கூலியும் தண்ணீர்ப் பாட்டிலும் தொகையில் சேர்ந்தவையா என்று முன்னரே தீர்மானித்துவிட்டால், சம்பந்திகள் முன்னிலையில் குரலை உயர்த்த வேண்டிய தர்மசங்கடம் நேராது.

இவ்வூருக்கே உரிய நிபந்தனை ஒன்றும் உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலே ஜனசமுத்திரம் பெருகுகின்ற பௌர்ணமியன்றும், கார்த்திகை தீபத்தன்றும் போக்குவரத்து மாற்றியமைக்கப்பட்டு, வெளியூர்ப் பேருந்துகள் நகரின் எல்லையிலுள்ள தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடுகின்றன. ஆகையால் சுபமுகூர்த்தம் பௌர்ணமியை ஒட்டி வருமாயின், மளிகையும் பாத்திரமும் ஏற்றிய லாரியும், மேளக்காரரும், மேடை அலங்காரம் செய்வோரும் முந்திய நாள் எந்நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்பதையும், அதற்காகும் தங்கல் செலவு யாருடையது என்பதையும் குறித்துக்கொள்வது அவசியம். பௌர்ணமி பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே காணக்கூடியது. ஆதலால் அதை எதிர்பாராத இடையூறு என்று எவரும் பின்னர் வாதிடுவதற்கில்லை.

மெய்யாகவே எதிர்பாராதது 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்தது. ஊரடங்கில் மண்டபங்கள் அடைபட்டன. பின்னர் விவாகத்துக்கு அனுமதி கிடைத்தபோதும் 50 பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதி வந்தது. நடத்தவே இயலாமற்போன ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 56ஆம் பிரிவின்படி செல்லாததாகிறது. அதன் கீழ்ப் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. ஆயின், 50 பேரோடு நடத்தக்கூடிய விவாகத்தை 'இயலாதது' என்று சொல்லலாமா? விருந்தினர் தொகைக்கு அரசு வரம்பு விதித்தால் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரி இருந்திருக்குமாயின், இக்கேள்விக்கே இடமிராது.

'முன்பணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதனாலேயே வழக்கு முடிந்துவிடுவதில்லை. ஒப்பந்தத்தை மீறினவர் இவ்வளவு தர வேண்டுமென்று தண்டத்தொகை குறித்திருந்தாலும், அத்தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடு மட்டுமே பெறலாம் என்பது 74ஆம் பிரிவு. சேவையில் குறை கண்டவர், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்திலுள்ள ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. வாய்மொழி உடன்படிக்கையும் சட்டப்படி செல்லத்தக்கதே; ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் முறையிடுகிறவர் தலைமேல் விழுகிறது.

நியாயம் ஒருபக்கமானதன்று. ஒரே முகூர்த்தத்துக்குக் கேட்டு வந்த வேறு குடும்பங்களைத் திருப்பி அனுப்பிய சமையல்காரருக்கு, கடைசி வாரத்தில் ரத்து என்றால் நஷ்டம் உண்மையானதே. மூன்று மாதத்துக்கு முன் விலகினால் இவ்வளவு பிடித்தம், ஒரு மாதத்துக்கு முன் விலகினால் இவ்வளவு என்று படிப்படியாக எழுதிக்கொள்வது இருவருக்கும் க்ஷேமம்.

இவையனைத்தையும் பேசுவதற்கு உரிய காலம், முன்பணம் கைமாறுவதற்கு முந்திய அந்த ஒரு மணி நேரமே. மண்டபத்தின் பெயர் கல்யாணப் பத்திரிகையில் அச்சேறி, உறவினர் வீடுதோறும் போய்ச் சேர்ந்த பின்னர், எதிர்த்தரப்பார் சொல்கிற எந்த நிபந்தனைக்கும் பெண்ணைப் பெற்றவர் தலையசைக்கத்தான் வேண்டியிருக்கும்.