பெயரில்லா மதிப்புரை: எதை நம்புவது?

அமேசான் நிறுவனம் 1995இல் இணையப் புத்தகக் கடையாகத் தொடங்கியபோதே, புத்தகத்தைப் பற்றி வாடிக்கையாளர் தம் கருத்தை எழுத இடம் கொடுத்தது. 2007இல் வந்த குட்ரீட்ஸ் தளம், வாசகர்கள் தாங்கள் படித்தவற்றைப் பட்டியலிட்டு மதிப்பிடுவதற்கென்றே உருவானது. 2013இல் அதையும் அமேசான் வாங்கிக்கொண்டது. இத்தகைய தளங்களில் குவிந்திருக்கும் மதிப்புரைகளில் பலவற்றை எழுதியவர் யாரென்று படிப்பவருக்குத் தெரியாது. புனைபெயரோ, இரண்டு முதலெழுத்துகளோதான் இருக்கும். முகம் தெரியாத ஒருவரின் பேச்சை நம்பிப் பணம் கொடுக்கலாமா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அதற்கு விடை காண, வாசகர் மதிப்புரை எதற்காக எழுதப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இலக்கிய விமர்சகர் ஒரு படைப்பை அதன் மரபோடு சேர்த்துப் பார்க்கிறார். மொழியையும் வடிவத்தையும் பார்வையையும் ஆராய்கிறார். வாசகர் மதிப்புரையின் வேலை எளியது. அது அடுத்த வாசகரிடம் பேசுகிறது. மொழிபெயர்ப்பு தடையில்லாமல் ஓடுகிறதா, பத்து வயதுக் குழந்தைக்கு வாங்கித் தரலாமா, துறைக்குப் புதியவருக்குப் புரியுமா, எழுத்து கண்ணை வருத்தாத அளவில் அச்சாகியிருக்கிறதா என்பன போன்ற செய்திகளைச் சொல்கிறது. சிலர் படித்தது மறந்துவிடக் கூடாதென்று எழுதிவைக்கிறார்கள். வேறு சிலர் அதிகம் பேசப்படாத ஓர் எழுத்தாளரை நாலு பேருக்கு அறிமுகப்படுத்த எழுதுகிறார்கள். இவை எல்லாமே நேர்மையான நோக்கங்கள். இவற்றில் எதற்கும் எழுதுபவரின் முழுப்பெயர் தேவைப்படுவதில்லை.

ஆனால் மதிப்புரைக்குப் புத்தகத்தை விற்கும் ஆற்றலும் உண்டு. ஜூடித் செவாலியர், டீனா மேஸ்லின் என்ற ஆய்வாளர்கள் அமேசானிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிள் தளத்திலும் வெளியான மதிப்புரைகளை ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மதிப்புரைகள் மேம்பட்டால் அந்தத் தளத்தில் விற்பனை கூடுகிறது என்றும், ஐந்து நட்சத்திரம் தரும் நன்மையைவிட ஒற்றை நட்சத்திரம் செய்யும் சேதம் பெரிது என்றும் அவர்கள் கண்டனர். விற்பனை என்று வந்துவிட்டால், அதைக் கூட்டவும் குறைக்கவும் விரும்புகிறவர்களும் மதிப்புரை எழுத வந்துவிடுவார்கள்.

பெயரை மறைத்து மதிப்புரை எழுதும் வழக்கம் இணையத்துக்கு மிக முந்தியது. 1802இல் தொடங்கிய ‘எடின்பரோ ரிவ்யூ’, 1809இல் தொடங்கிய ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ ஆகிய பிரிட்டிஷ் இதழ்களில் கட்டுரையாளர் பெயர் இருக்காது. அந்த மறைப்புக்குள் நின்று, வால்டர் ஸ்காட் 1817இல் தன் சொந்தப் படைப்புக்கே மதிப்புரை எழுதினார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855இல் தன் முதல் தொகுப்பைப் புகழ்ந்து பெயரில்லாமல் பத்திரிகைகளில் எழுதினார். 1902இல் தொடங்கிய லண்டனின் ‘டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்ட்’ 1974 வரை பெயரில்லாமலே மதிப்புரைகளை வெளியிட்டது; ஜான் கிராஸ் ஆசிரியரானதும் அந்த வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவந்தார். எனினும் அந்த இதழ்களில் எழுதியவர் யார் என்பது ஆசிரியருக்குத் தெரியும். தவறுகள் நடந்தாலும் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். இணையத்தில் அந்த நடு ஆள் இல்லாமல் போனார்.

அதன் விளைவு 2004 பிப்ரவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. அமேசானின் கனடா தளத்தில் ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பக் கோளாறால், பெயர் மறைத்து எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாள்களுக்கு வெளியே தெரிந்தன. எழுத்தாளர்கள் சிலர் தங்கள் புத்தகங்களுக்குத் தாங்களே பாராட்டு எழுதியிருந்தது தெரியவந்தது. அவர்களில் ஒருவரான அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ரெச்சி, ‘சிகாகோ வாசகர்’ என்ற அடையாளத்தில் தன் நாவலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். அதே ஆண்டில் அமேசான், உண்மைப் பெயரில் எழுதுபவர்களுக்குத் தனி அடையாளம் கொடுக்கத் தொடங்கியது.

2010இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஆர்லாண்டோ ஃபைஜஸ், ‘வரலாற்றாசிரியர்’ என்று மட்டும் பொருள்படும் ஆங்கிலப் புனைபெயரில், தன் துறையைச் சேர்ந்த ரேச்சல் பொலோன்ஸ்கி, ராபர்ட் சர்வீஸ் ஆகியோரின் நூல்களைத் தாழ்த்தியும் தன் நூலை உயர்த்தியும் எழுதியது அம்பலமானது. முதலில் மறுப்பு வந்தது. பிறகு அவருடைய மனைவி எழுதியதாகச் சொல்லப்பட்டது. கடைசியில் அவரே ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்ட இருவருக்கும் இழப்பீடு கொடுத்தார். 2012இல் துப்பறியும் நாவலாசிரியர் ஆர். ஜே. எல்லரி இதே குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ வெளியிட்ட செய்தியில், பாராட்டு மதிப்புரைகளை விலைக்கு விற்ற ஒரு தளத்தின் கட்டணம் தெரியவந்தது: ஒன்றுக்கு 99 டாலர், இருபதுக்கு 499 டாலர், ஐம்பதுக்கு 999 டாலர்.

இவற்றைப் பார்த்து, எல்லோரும் சொந்தப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டுவிடலாமே என்று தோன்றும். அது நேர்மையான வாசகரைத்தான் முதலில் வாயடைக்கும். மனநோய், குடும்ப வன்முறை, பாலியல் அடையாளம், மதமாற்றம் போன்றவை பற்றிய நூல்களைத் தன் வாழ்க்கையோடு வைத்துப் படித்தவர், அதைத் தன் பெயரில் எழுதத் தயங்குவார். மேலதிகாரியின் நூலைப் பற்றி ஊழியரும், பேராசிரியரின் நூலைப் பற்றி மாணவரும் உள்ளதைச் சொல்ல முடியாது. எழுத்தாளரும் வாசகரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் சிறிய இலக்கிய உலகங்களில் இந்தத் தயக்கம் இன்னும் கூடும். அச்சம் வெறும் கற்பனையுமில்லை. 2014இல் அமெரிக்க எழுத்தாளர் கேத்லின் ஹேல், தன் நாவலைக் கடுமையாகச் சாடிய புனைபெயர் வாசகரின் முகவரியைத் தேடிப்பிடித்து வீட்டுவாசல் வரை சென்றதை, தானே ‘கார்டியன்’ இதழில் விரிவாக எழுதினார்.

நோக்கம் கெடுவதற்குப் பெயர் மறைப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் 2023 ஜூனில், சைபீரியாவைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை அறிவித்தார். உக்ரைன் போர்க்காலத்தில் ரஷ்யக் களமா என்ற எதிர்ப்பு எழுந்து, யாரும் படித்திராத அந்த நூலுக்கு குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கான ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்தன. அவர் வெளியீட்டை நிறுத்திவைத்தார். எதிர்த்தவர்களின் வேதனை உண்மையானது. ஆனால் அந்த நட்சத்திரங்கள் புத்தகத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. மறுபுறம், அதே ஆண்டு டிசம்பரில் கேட் கொரெய்ன் என்ற அறிமுக எழுத்தாளர், போலிக் கணக்குகளைத் தொடங்கி சக அறிமுக எழுத்தாளர்களின் நூல்களுக்குக் குறைந்த மதிப்பீடு இட்டது வெளிப்பட்டது. பதிப்பகம் அவருடைய நாவலைக் கைவிட்டது.

தளங்களும் அரசுகளும் சில வேலிகளைப் போட்டிருக்கின்றன. அந்தப் புத்தகத்தை அங்கேயே வாங்கியவரின் மதிப்புரைக்கு அமேசான் தனிக் குறிப்பு இடுகிறது. ஆனால் நூலகத்தில் எடுத்துப் படித்தவருக்கும், சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியவருக்கும் அந்தக் குறிப்பு கிடைக்காது. கூலிக்கு எழுதுபவர் ஒரு பிரதியை வாங்கிவிட்டால் கிடைத்துவிடும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. மின்னஞ்சல், தொலைபேசி, குறுஞ்செய்தி போன்ற வழிகளில் எழுதுபவரைத் தளம் சரிபார்க்க அது வழி சொல்கிறது. ஆனால் வெளியானபோது அதைக் கடைப்பிடிப்பது நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. அமெரிக்காவில் போலி மதிப்புரைகளை எழுதுவதையும் விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மீறினால் அபராதம் உண்டு.

இவற்றில் பயனுள்ள வழி, எழுதுபவர் யாரென்று தளத்துக்குத் தெரிந்திருப்பதும், பொதுவெளியில் அவர் புனைபெயரோடு இருக்க முடிவதும்தான். பழைய இதழாசிரியர் செய்த வேலையை அது ஓரளவு மீட்டுத் தருகிறது. மீதி வேலை படிப்பவருடையது. புத்தகத்தின் உள்ளடக்கத்திலிருந்து குறிப்பாக எதையாவது சொல்கிறதா, நிறையோடு குறையும் பேசுகிறதா, அதே பெயரில் வேறு புத்தகங்களுக்கு என்ன எழுதப்பட்டிருக்கிறது, நூல் வெளிவருமுன்பே எழுதப்பட்டதா, ஒரே நாளில் ஒரே தொனியில் குவிந்தவற்றில் ஒன்றா என்று பார்த்தாலே பெரும்பாலான பொய்கள் பிடிபடும்.

மதிப்புரை எழுதுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. பெயரைச் சொல்லாமல் விடுவது அவருடைய உரிமை. எழுத்தாளர் நண்பரென்றால், புத்தகம் இலவசமாகக் கிடைத்ததென்றால், தானும் அதே துறையில் எழுதுபவரென்றால், அதைச் சொல்லாமல் விடுவதற்கு உரிமை கிடையாது. அதைச் சொல்ல ஒரு வரி போதும்.