உடன்பணி புரிவோரிடை நல்லுறவு

கல்லூரியை விட்டு நீங்கிய மாணவன் கந்தோரிலோ, வைத்தியசாலையிலோ, வங்கியிலோ, தொழிற்சாலையிலோ காலடி வைக்கும்போது அவன் கற்ற கணிதமும் விஞ்ஞானமும் அவனுக்குத் துணை நிற்கின்றன. ஆயின், அடுத்த மேசையில் இருப்பவரோடு இணங்கித் தொழில் புரியும் முறையை எந்தப் பரீட்சையிலும் எவரும் அவனிடம் வினாவியதில்லை. தொழிலில் ஒருவர்க்கு நேரும் இடர்களுட் பல அறிவுக் குறைவால் வருவன அல்ல. உறவுக் குறைவால் வருவனவே. இவ்வுறவு எவ்வாறு கெடுகின்றது, எவ்வாறு வளர்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இப்பொருள்பற்றி நடந்த ஆராய்ச்சிகளுட் பெயர்பெற்றது, ஐக்கிய அமெரிக்காவிற் சிக்காகோ நகருக்கு அயலில் அக்காலத்து இயங்கிய ஹோதோண் தொழிற்சாலையில் நிகழ்ந்ததாகும். தொலைபேசிக் கருவிகள் செய்த அத்தொழிற்சாலையில் 1924ஆம் ஆண்டு தொடக்கம் 1932ஆம் ஆண்டுவரை பல சோதனைகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று அறியவே முதலில் முற்பட்டனர். ஒளியைக் கூட்டிய பகுதியிலும் உற்பத்தி பெருகிற்று. கூட்டாத பகுதியிலும் பெருகிற்று. ஆராய்ந்தோர் திகைத்தனர்.

பின்னர், 1927இல், ஆறு பெண்களைத் தனி அறையொன்றில் அமர்த்தி, இடையிடையே ஓய்வு கொடுத்தும் வேலை நேரத்தைக் குறைத்தும் பார்த்தனர். உற்பத்தி உயர்ந்தது. கொடுத்த ஓய்வை நிறுத்திய பின்னரும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. தம் கருத்துக் கேட்கப்பட்டமையும், தாம் ஒரு குழுவாய் இணைந்தமையுமே அப்பெண்களை ஊக்கின என்பது ஹாவேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எல்ரன் மேயோ முதலியோர் கண்ட முடிபு. பிற்காலத்து ஆய்வாளர் சிலர் இதனை மறுத்தனர். கூலி கணக்கிடும் முறை மாற்றப்பட்டதையும், இருவர் இடையில் நீக்கப்பட்டு வேறிருவர் சேர்க்கப்பட்டதையும் அவர்கள் எடுத்துக் காட்டினர். அம்மறுப்பு நியாயமானதே. இன்சொல் இருந்தாற் போதும், தக்க கூலி வேண்டியதில்லை என்று கூறுவார்க்கு இவ்வாராய்ச்சி சான்றாகாது.

எனினும், அங்கு 1928 முதல் 1930 வரை நடந்த வேறொரு முயற்சி நம் கருத்துக்கு உரியது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே கண்டு உரையாடினர். தொடக்கத்தில் வினாக்களை முன்னரே வகுத்துக்கொண்டு சென்றனர். தொழிலாளரோ அவ்வினாக்களை விடுத்துத் தம் மனத்திற் கிடந்தவற்றையே பேசினர். அதனால் வினாக்களைக் கைவிட்டு, இடைமறியாது கேட்கும் வழக்கத்தை மேற்கொண்டனர். முறைப்பாட்டின் சொல் ஒன்றாகவும் அதன் உட்பொருள் வேறொன்றாகவும் இருத்தல் அப்போதுதான் தெளிவாயிற்று.

அக்காலத்து அமெரிக்க அறிஞர் மேரி பாக்கர் பொலெற் அம்மையார் (1868–1933), பிணக்குத் தீர்க்கும் வழிகள் மூன்று என்றார். ஒருவர் மற்றவரை அடக்கி வெல்லுதல் ஒன்று. இருவரும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்தல் மற்றொன்று. இருவர் வேண்டியதும் நிறைவேறப் புதுவழி காணுதல் மூன்றாவது. நூலகத்தில் ஒருவர் சாளரத்தைத் திறக்க விரும்பினார். அம்மையார் மூட விரும்பினார். அடுத்த அறையின் சாளரத்தைத் திறந்தனர். அவருக்கு வேண்டியது காற்று. அம்மையாருக்கு வேண்டியது வாடைக்காற்று நேரே படாமை. இரண்டும் கிடைத்தன.

இதனை நான் நூலிற் படிக்குமுன் அனுபவத்திற் கற்க நேர்ந்தது. பயிற்சிக் கலாசாலையை விட்டு வெளியேறிச் சில ஆண்டுகளே சென்றிருந்த காலம். ஒரு பாடசாலையில் நேரசூசி வகுக்கும் பொறுப்பை அதிபர் என்னிடம் ஒப்படைத்தார். மூத்த ஆசிரியர் ஒருவர் முதற் பாடவேளை தமக்கு வேண்டாம் என்றார். சோம்பல் என்று எண்ணிய நான், “சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் ஐயா” என்று பலர் முன்னிலையிற் கூறிவிட்டேன். அவர் மறுமொழி கூறவில்லை. ஒரு தவணை முழுவதும் நாம் பேசவில்லை. அவர் பிந்தி வந்த நாட்களில் எட்டாம் வகுப்பு மாணவர் ஆசிரியரின்றி இருந்தனர். அவருடைய மனைவியார் படுக்கையிற் கிடப்பதையும், அவருக்கு உணவூட்டிய பின்பே இவர் பேருந்து ஏறுவதையும் பின்னர் ஒரு மாணவன் வாயிலாக அறிந்தேன். அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “தம்பி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்” என்றார். வேறொன்றும் கூறவில்லை. அவருடைய முதற் பாடவேளையை நான் ஏற்று, எனது கடைசிப் பாடவேளையை அவருக்கு மாற்றினேன். விவாதப் பயிற்சிக்கு அந்நேரம் ஓய்வாகக் கிடைத்தது எனக்கும் உதவியாயிற்று. ஆனால், அம்மாணவர் இழந்த பாடங்களை மீட்டுக் கொடுக்க என்னால் இயலவில்லை.

திருக்குறளில் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களின் பின்னரே பொருட்பாலின் 70 அதிகாரங்கள் வருகின்றன. இனியவை கூறல், அடக்கமுடைமை, வெகுளாமை என்பன முன்னே நிற்க, இறைமாட்சியும் தெரிந்து வினையாடலும் பின்னே நிற்கின்றன. தன்னை ஆளக் கற்றவனே பிறரை நடத்தத் தக்கவன் என்று இவ்வொழுங்கினின்று நாம் பாடங் கொள்ளலாம்.

ஆகவே, மேலிடத்தில் இருப்போர் இன்ன வேலை இன்னாருடையது என்பதைத் தெளிவாக வகுத்தல் வேண்டும். வகுத்ததற்குக் காரணங் கூறல் வேண்டும். குறையைத் தனியிடத்திலும் நிறையைப் பலர் முன்னும் சொல்லல் வேண்டும். கீழே பணிபுரிவோரும் தம் இடர்ப்பாட்டை மனத்துட் புதைத்து வைக்காது உரிய காலத்திற் கூறல் வேண்டும். இருசாராரும், சினம் எழும்போது, “இவர் உண்மையில் வேண்டுவது யாது?” என்று ஒருமுறை தம்மைத் தாமே வினாவிக்கொள்ளல் நன்று.

எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று இந்நாட்டிலும் பிறநாடுகளிலும் பலர்க்குத் தலைமை தாங்குகின்றனர். இம்மலரை வாசித்து முடித்தபின், தம்மோடு பேச்சற்றிருக்கும் உடன்பணியாளர் ஒருவரிடம் சென்று, அவர் கூறுவதை அவர்கள் முழுவதும் கேட்பாராயின், இச்சிறு கட்டுரை எழுதியதன் பயனை நான் பெற்றவனாவேன்.