வேலியே உரமாகும் கிளிசரியா

இடம்பெயர்ந்து திரும்பி வரும் குடும்பத்தின் காணியில் முதலில் அழிந்திருப்பது வேலி. வேலியில்லாவிட்டால் கட்டாக்காலி மாடுகள் ஓர் இரவில் தோட்டத்தை முடித்துவிடும். முட்கம்பிக்கும் சீமெந்துத் தூணுக்கும் கையில் காசிராது. இத்தகைய குடும்பங்கள் காசில்லாமல் தொடங்கக்கூடிய மரம் கிளிசரியா.

மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். நம் நாட்டில் மிளகுக்கொடி படரவும் தென்னைக்குப் பசளையாகவும் இதை வளர்க்கிறார்கள். பயறு, அவரை போல இதுவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கின்றன.

நடும் முறை

மாரி மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களே ஏற்றவை. பச்சை நிறம் மாறி முற்றிய, பெருவிரலிலும் தடித்த கிளைகளை ஐந்து அடி நீளத்துக்குச் சரிவாக வெட்டுங்கள். இரண்டு மூன்று நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும். அதுவரை நிழலில் வையுங்கள். கதியாலை மண்ணில் அடித்து இறக்கினால் பட்டை உரிந்துவிடும். அலவாங்கால் குழி போட்டு, அடிப்பக்கம் கீழிருக்க ஓர் அடி ஆழத்தில் நட்டு, மண்ணை இறுக மிதியுங்கள். வேலிக்கு ஓர் அடி இடைவெளி போதும். தண்ணீர் தேங்கும் இடம் ஆகாது. கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் கதியால் வெட்ட ஒருபோதும் நுழையாதீர்கள்.

பயன்கள்

முதல் ஓராண்டு வெட்டாமல் வேரூன்ற விடுங்கள். பின்னர் மழைக்காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளை வெட்டலாம்.

2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், தடை நீங்கிய பின்பும் உர விலை பலமடங்கு உயர்ந்ததையும் கண்டோம். நூறு கிலோ பச்சை இலையில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ யூரியாவிலுள்ள நைதரசன் உண்டு. இலையை வயலில் மிதித்துத் தாழ்க்கலாம், தென்னையடியில் புதைக்கலாம், மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காக இடலாம். சில வாரங்களில் உக்கிவிடும். மற்றச் சத்துகளுக்குச் சாம்பலும் மாட்டெருவும் சேருங்கள்.

ஆடு மாடுகளுக்கும் இது புரதம் மிக்க தீனி. அதன் மணத்தால் முதலில் முகத்தைத் திருப்பும். அரை நாள் வாடவிட்டு, புல்லோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். மொத்தத் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம். கோழிக்குக் கொடுக்காதீர்கள். விதையும் பட்டையும் நச்சுத்தன்மையுள்ளவை. மத்திய அமெரிக்காவில் அவற்றை எலி கொல்லப் பயன்படுத்துவார்கள். பிள்ளைகள் விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த கிளைகள் நல்ல விறகு. விறகு தேடிக் காட்டுக்கு நடக்கும் பெண்களுக்கு இது சிறிய உதவியல்ல.

இரவல் காணியில் இருப்பவர்கள்

“அடுத்தவர் காணியில் மரம் நட்டு எங்களுக்கு என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மாவும் பலாவும் காய்ப்பதற்குமுன் எழும்ப வேண்டி வரலாம். கிளிசரியா அப்படியல்ல. இரண்டாம் ஆண்டிலேயே இலையும் தீனியும் விறகும் கிடைக்கும். காணிக்காரரிடம் முன்கூட்டியே பேசி, கிளை வெட்டும் உரிமையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்தக் காணிக்குப் போகும் நாளில் கிளைகளை வெட்டிக் கட்டிக்கொண்டு போகலாம். அவருக்கு வேலி மிஞ்சும். உங்களுக்கு அடுத்த வேலிக்கான கதியால் கையிலிருக்கும்.